பாஸ்கல் வீட்டுக் குப்பைமேனி

மரக்காணம் உப்பளத்து மேஸ்திரி பாஸ்கலின் நாக்கைப் பற்றி ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. தொழிலில் அது தங்கம். பாத்தித் தண்ணீரில் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தானென்றால், இன்னும் எத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று சொல்லிவிடுவான். உப்பின் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழல் பிறகு சாவகாசமாக மிதந்து வந்து அதையே ஆமோதிக்கும். தொழிலுக்கு வெளியே அந்த நாக்கு வாய்க்குள் கிடக்கும்வரைதான் குடும்பத்துக்கு நல்லது. இது அவன் மனைவி ஜோசப்பினின் கருத்து. பாஸ்கலுக்கும் இதில் மறுப்பு இல்லை. கருத்து அவன் நினைவுக்கு வருவதற்குள் நாக்கு வேலையை முடித்திருக்கும், அவ்வளவுதான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் அப்படித்தான் ஆயிற்று.

பெரிய முதலியார்சாவடியில் அவன் அக்கா சந்தனமேரியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணி முடிந்து, சம்பந்தி வீட்டார் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ அக்காவின் எண்ணெய்க்கு வந்தது.

அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நிற்கிற காலில் முதலில் தோல் வெளுக்கும். பிறகு வெடிக்கும். வெடிப்புக்குள் உப்பு குடிவந்துவிடும். அதன் பிறகு நடப்பது அந்தக் காலின் சொந்தக்காரருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். இதற்கென்று பாஸ்கல் குடும்பத்தில் ஒரு எண்ணெய் இருந்தது. குப்பைமேனி, கரிசலாங்கண்ணி, மருதோன்றி மூன்றையும் இடித்துச் சாறெடுத்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு போட்டு இறக்குவது. ரகசியம் ஒன்றும் இல்லை, கேட்டவருக்கெல்லாம் அக்கா சொல்லுவாள். பதம்தான் அவள் கையில் இருந்தது. கூடவே இரண்டு நிபந்தனைகளும் இருந்தன. எந்த வீட்டுக் காலுக்கு எண்ணெயோ, இலை அந்த வீட்டு மண்ணில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். வாங்கின இலையும் வழியில் பறித்த இலையும் அடுப்பேறாது. அடுத்தது, கோயில் மணி ஊமையாக இருக்கும் நாட்களில்தான் காய்ச்சுவாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் மணி நின்று, சனிக்கிழமை ராத்திரிப் பூசையில் மறுபடி அடிப்பதற்குள் இலையைக் கொடுத்து எண்ணெயை வாங்கிப் போய்விட வேண்டும்.

கீழ்புத்துப்பட்டில் குடும்ப வீட்டில் இருந்தவரை பாஸ்கலுக்கு இதில் சிரமமே இல்லை. கொல்லைப்பக்கம் கையை நீட்டினால் இலை. மேஸ்திரியாகி, உப்பளத்தை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் சிக்கல். அந்த மண்ணில் உப்புப் பூண்டான உமரியைத் தவிர வேறெதுவும் வளரச் சம்மதிக்கவில்லை. பாஸ்கலும் அதை வற்புறுத்தவில்லை. வேறு வழி வைத்திருந்தான். அந்த வழியைத்தான் அன்றைக்கு சம்பந்திகள் முன்னால் நாக்கு எடுத்து விட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? மூணு வருஷமா நீ காய்ச்சிக் குடுத்தது எங்க வூட்டு எலையே இல்ல. சந்தைல கட்டு கட்டி விக்கிறாங்களே, அது. ஜோசப்பின் காலு பேசாம ஆறிப்போச்சு பாரு! காலுக்கு இன்னா வூட்டு அட்ரஸா தெரியும்?"

கூடம் குலுங்கியது. சம்பந்திக்காரர் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிய வழியச் சிரித்தார். "அப்போ எங்களுக்கும் சந்தை எலையிலயே ரெண்டு பாட்டில் போட்டுடுங்கம்மா" என்றார். பாஸ்கலுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிக்காதது ஒரே ஒரு முகம். அதை அவன் கவனிக்கவும் இல்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

"டேய் பாஸ்கலு. இனிமே எலையா கொண்டாராத. வேரோட கொண்டா. வேர்ல ஒட்டின மண்ணோட கொண்டா. இல்லன்னா எண்ணெய்க்குன்னு இந்த வாசப்படி ஏறாத." பிறகு ஜோசப்பின் பக்கம் திரும்பினாள். "உம்மேல எனக்குக் கோவம் இல்ல ஜோசப்பின். ஆனா வர்ற வருஷம் உன் காலு உன் புருஷன் கையில."

மரக்காணத்தில் பஸ் இறங்கினதும் ஜோசப்பின் சொன்னாள்: "என் காலு உங்க கையிலயாம். பாத்துப் பாத்து நல்ல எடத்துலதான் குடுத்திருக்காங்க."

அவள் உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், இந்த எண்ணெயைப் பற்றித் தெரியாத காலத்தில், கால் இரண்டும் வீங்கி இரண்டு மாதம் படுத்துவிட்டாள். அடுப்பங்கரைக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து போனதை அவள் அம்மா இன்னமும் சொல்லுவாள். கையிருப்பு பாட்டில் இந்த சீசன் முடிகிறவரை வரும். அடுத்த பெரிய சனிக்குள் எண்ணெய் வந்தாக வேண்டும். அதன் பிறகு வெயில் ஏறும், வெயில் ஏறினால் உப்பு ஏறும்.

பாஸ்கல் கலங்கவில்லை. கலங்குவது அவன் வழக்கமில்லை.

"கடலையே காய வெச்சு மூட்டை கட்டுறவன்டி நானு. மூணு செடி வளக்கறது இன்னா பெரிய வித்தை?"

வண்டிக்காரன் தங்கராசுவைப் பிடித்து, கழுவெளி ஏரியில் வெட்டின வண்டலை மூன்று வண்டி கொண்டுவந்து கொல்லையில் கொட்டச் செய்தான். கன்னங்கரேலென்று, எண்ணெய் மினுக்கத்தோடு, தட்டில் கொட்டின அல்வா மாதிரி இருந்தது வண்டல். வேறிடத்து மண்ணாயிற்றே என்று ஜோசப்பின் கேட்டதற்கு, "வேலிக்குள்ள வந்துட்டா வூட்டு மண்ணுதான். நீ வந்து சேர்ந்துக்கல?" என்றான். மூன்று செடியிலும் நாற்று கொண்டுவந்து நட்டான். போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

பத்தாம் நாள் இலை நுனி கருகியது. நிழலுக்குக் கீற்று கட்டினான். பதினைந்தாம் நாள் தண்டு சாய்ந்தது. சாணம் கரைத்து ஊற்றினான். இருபதாம் நாள் செடியைத் திட்டினான். ஊரெல்லாம் குப்பைமேட்டில், யாரும் கேட்காமலே முளைத்து நிற்கும் செடி, பாஸ்கல் வீட்டில் மட்டும் ராஜ உபசாரம் செய்தும் செத்துப்போனது.

பக்கத்துக் குப்பத்துக் காசிலிங்கம் வலையைத் தோளில் போட்டபடி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். "ஏம்பா மேஸ்திரி, குப்பைமேனியையே சாவடிச்சவன் நீ ஒருத்தன்தாம்பா. வேற யாரும் முயற்சிகூட பண்ணதில்ல."

ஜோசப்பின் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"எத்தினி டிகிரின்னு நீங்களே சொல்லிடுங்க."

பாஸ்கலும் வைத்துப் பார்த்தான். சொல்ல அவசியம் இருக்கவில்லை. கழிமுகம் வழியாகக் கடல் தண்ணீர் கழுவெளிக்குள் ஏறும், கோடையில் வற்றும், உப்பு தங்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இருபது வருஷமாக ஈரமாக எதைக் கண்டாலும் நாக்கில் வைத்துப் பார்த்தவன், சொந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த மூன்று வண்டி மண்ணை வைத்துப் பார்க்கவில்லை.

"கறுப்பா இருந்துச்சுடி..."

"அதனால?"

"உப்புன்னா வெள்ளையால்ல இருக்கும்?"

மறுநாள் உப்பளம் முழுக்க இதுதான் பேச்சு. "மேஸ்திரி, உங்க தோட்டத்துல எப்போ வாருறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "சித்திரையில. கூலிக்கு வர்றியா?" என்று பாஸ்கல் கேட்டான். ஊர் சிரிக்கும்போது தானும் கூடச் சேர்ந்துகொண்டால் பாதி வலிதான் என்பது அவன் அனுபவம். மீதிப் பாதியை வீட்டுக்கு எடுத்துப்போனான்.

காசிலிங்கம் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். "என் பழைய படகு மணல்ல கெடக்குது. எடையஞ்சாவடி செம்மண்ண கொண்டாந்து அதுல ரொப்பு. கொழுகொழுன்னு வளரும்."

பாஸ்கல் உடனே எழுந்துவிட்டான். ஜோசப்பின் எழவில்லை. "அது எடையஞ்சாவடி மண்ணு. நான் எடையஞ்சாவடியிலயா நிக்கிறேன்?" என்றாள். பாஸ்கல் மறுபடி உட்கார்ந்தான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. உப்பளத்துக்கு மழை என்றால் விடுமுறை. பாத்தியெல்லாம் ஒன்றாகிக் குளமாய்க் கிடக்க, மேஸ்திரிகள் வீட்டில் உட்கார்ந்து மனைவிமாரின் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கும் காலம். நாலாம் நாள் பாஸ்கல் பின்வாசற்படியில் உட்கார்ந்து கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீர் மண்ணில் தேங்கி, ஒரு மூலையில் உடைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது. எழுந்து போய் அந்த ஓட்டத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். கரித்தது. தேங்கியிருந்த தண்ணீரை வைத்துப் பார்த்தான். அவ்வளவு இல்லை.

அங்கேயே, மழையில் நின்றபடி, கணக்குப் போட்டான்.

தண்ணீரைக் கட்டி வெயிலில் விட்டால் தண்ணீர் போகும், உப்பு நிற்கும். இது தொழில். கட்டின தண்ணீரைக் காயவிடாமல் வெளியே விட்டால்? உப்பும் கூடவே போகும். இதுவும் அதே தொழில்தான். என்ன, பின்பக்கமாக நடக்க வேண்டும்.

கழுவெளி வண்டலை வாரி வெளியே கொட்டினான். சொந்தக் கொல்லை மண்ணை ஒரு முழ ஆழம் கொத்தி, பத்தடிக்கு ஆறடி பாத்தி கட்டினான். வரப்பு போட்டான், மடை வைத்தான். பாத்தி கட்டுவது மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மழைத்தண்ணீரை இரண்டு நாள் நிறுத்தி, மண்ணைக் கலக்கி, தெளிய விட்டு, மடையைத் திறந்து, ஓடுகிற தண்ணீரை நாக்கில் வைத்தான். முதல் தண்ணீர் முகத்தைச் சுளிக்க வைத்தது. மூன்றாவதும் அப்படித்தான். ஐந்தாவதில் நாக்கு கொஞ்சம் யோசித்தது. மழை நின்ற நாட்களில் ஊர்ப் பம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றினான்.

"இத்தினி வருஷமா உப்ப சேத்துக் குடுத்துக் கூலி வாங்கின" என்றார் காசிலிங்கம். "இப்போ ஓசியிலயே தொரத்தி விடுறியேப்பா."

"ரெண்டும் நம்ம டிபார்ட்மெண்டுதாண்ணே."

ஒன்பதாவது தண்ணீரில் உப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் யாரிடமும் புகார் செய்கிற அளவுக்கு இல்லை. மட்கின சாணத்தையும் தழையையும் போட்டுக் கொத்திவிட்டான். மார்கழியில், பங்குச் சாமியார் பங்களா வேலியிலிருந்து மருதோன்றிக் குச்சி வாங்கிவந்து ஊன்றினான். குப்பைமேனி விதையைத் தூவினான். கரிசலாங்கண்ணி நாற்றை ஒவ்வொன்றாக நட்டான். இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் குப்பைமேனி முளைத்திருந்ததை ஜோசப்பினிடம்கூட மத்தியானம்தான் சொன்னான். அதுவரை சும்மா இருந்ததற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

தை பிறந்து உப்பளத்தில் வேலை தொடங்கியது. ஜோசப்பின் அரிசி கழுவின தண்ணீரைப் பாத்திக்கு ஊற்றிவிட்டு வேலைக்குப் போவாள். பழைய எண்ணெய் தீர்ந்துவிட்டது. மாசி கடைசியில் அவள் பாதத்தின் ஓரத்தால் நடக்க ஆரம்பித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாஸ்கல் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். பேசாமல் நடந்து போகிறவளுக்கு என்ன பதில் சொல்வது?

பெரிய வாரத்துக்கு முன்னால் ஒரு வாரம் அனல்காற்று அடித்தது. குப்பைமேனி பதினொன்று நின்றது. மருதோன்றி நாலு, முழங்கால் உயரம். கரிசலாங்கண்ணி பெரும்பாலும் காய்ந்து, இரண்டே இரண்டு பச்சையாக இருந்தன.

பெரிய வெள்ளியன்று காசிலிங்கத்தின் மனைவி அஞ்சம்மாள் வேலியோரம் வந்தாள். "ஏன் மேஸ்திரி, இதுக்காப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க? நம்ம நல்லதண்ணி ஏரிக்கரையில கரிசலாங்கண்ணி காடு மாதிரி நிக்குது. வேரோட புடுங்கு. உன் மண்ண கொஞ்சம் வேர்ல தடவு. உங்க அக்கா இன்னா கோர்ட்டா நடத்துறாங்க?"

பாஸ்கல் அசந்துபோனான். அச்சு அசல் அவன் மூளையில் உதித்திருக்க வேண்டிய யோசனை. எப்படிப் பிந்தினோம் என்றுதான் முதலில் தோன்றியது. ஜோசப்பினைப் பார்த்தான். அவள் படியில் உட்கார்ந்து, பாதத்து வெடிப்புக்குள் புகுந்த உப்புக்கல்லை ஊக்கு முனையால் நெம்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வேணும்னா புடுங்கிக்கினு போங்க. என் காலுக்குத்தான் அட்ரஸ் தெரியாதே."

அஞ்சம்மாளிடம், "வேணாம்மா" என்றான் பாஸ்கல்.

சனிக்கிழமை விடிந்ததும் பதினேழு செடியையும் மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, கூடையில் வைத்தான். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி இது?"

"குப்பைமேனி."

"குப்பைமேனிய பஸ்ஸு ஏத்திக்கினு போறியா? லக்கேஜ் போடணும்."

"போடு, போடு. குப்பைமேனிக்கு டிக்கெட் கிழிச்ச மொத கண்டக்டர் நீதான்."

பெரிய முதலியார்சாவடியில் அக்கா கொல்லைப்பக்கம் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். மற்ற வீட்டு எண்ணெயெல்லாம் முந்தின நாட்களிலேயே இறங்கிவிட்டது. அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடையை இழுத்து, ஒவ்வொரு செடியாக எடுத்து, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கரிசலாங்கண்ணி ரெண்டுதானா?"

"ரெண்டுதான்."

"ரெண்டு எப்படிடா போதும்?"

வேதத்தில் ஐயாயிரம் பேருக்குப் போதின ஐந்து அப்பமும் இரண்டு மீனும் என்று ஒரு பதில் பாஸ்கலின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நாளுக்கு, அந்த வீட்டுக்கு, அளவெடுத்துத் தைத்த மாதிரி. விழுங்கினான். அவன் வாழ்நாளில் விழுங்கின முதல் ஜோக் அது. நெஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கியது.

"ரெண்டுதாங்க்கா பொழைச்சுது. ஏரிக்கரையில நெறைய இருந்துச்சு. கொண்டாரல."

அக்கா செடியைக் கீழே வைத்தாள். "சந்தை எலை கொண்டாந்ததுக்கா நான் கோச்சுக்கினேன்னு நெனைக்கிற?"

"பின்ன?"

"அது எனக்கு மொத வருஷமே தெரியும்டா. சந்தைக் கட்டுன்னா நாரு அழுத்தின தழும்பு தண்டுல இருக்கும். எனக்குக் கண்ணு இல்லையா?"

"தெரிஞ்சா காய்ச்சின?"

"ஜோசப்பின் காலு என்ன பாவம் பண்ணுச்சு? தெரியாத மாதிரி மூணு வருஷம் உன் மானத்த மூடி வெச்சேன். நீ ஒரே நிமிஷத்துல என் மானத்த எடுத்து சம்பந்திங்களுக்கு வெத்தலையோட மடிச்சுக் குடுத்துட்ட. எம்பொண்ணு இப்போ கல்யாணமாகி அந்த வூட்லதான்டா இருக்கா. இன்னிக்கும் அவ மாமனாரு என்னைப் பாத்தா, சந்தைக்குப் போயிட்டு வந்தாச்சான்னு கேக்குறாரு."

அடுப்பு புகைந்தது. பாஸ்கல் குனிந்து ஊதினான். ஊதி முடிக்கும்வரை பேச வேண்டாம் என்ற வசதி அதில் இருந்தது. பிறகு நிமிர்ந்தான்.

"தப்புதாங்க்கா. நானே அவரப் பாத்து சொல்லிடறேன். அந்தத் திருட்டுத்தனம் நான் பண்ணது, எங்க அக்கா வேலையில ஒண்ணும் கொறை இல்லன்னு. ஜோக்கா இல்ல. நேராவே சொல்றேன்."

அக்கா அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய்யா என்று தேடினாள் போலிருக்கிறது. பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள்.

இலையைக் கழித்து, உரலில் இடித்து, சாறு பிழிந்தாள். அளவுக்குத் தகுந்தபடி எண்ணெயை விட்டாள். சாறு எண்ணெயோடு சண்டை போட்டுப் பொரிந்து, மெல்ல மெல்லச் சமாதானமாகியது. கரண்டியில் அடிக்கசடை எடுத்து விரலிடையே உருட்டினாள். திரியாகத் திரண்டது, அதுதான் பதம். மெழுகைப் போட்டு இறக்கினாள்.

"ஒரு சோடி காலுக்குத்தான் வரும். உனக்குக் கெடையாது."

"என் காலு கெடக்குது, வுடு."

கூடையில் மொட்டையாகக் கிடந்த வேர்களைப் பார்த்து அவள் திரும்பக் கேட்டாள்: "ஆமா, எதுக்குடா எல்லாத்தையும் புடுங்கின?"

"நீதானே வேரோட கொண்டான்னு சொன்ன?"

"அய்யோ, சாட்சிக்கு ஒண்ணு போதாதா? மத்தத எலையா பறிச்சாந்தா ஆவாதா? நாலு மாசம் வளத்த தோட்டத்த ஒரு கூடையில அள்ளிக்கினு பஸ்ஸு ஏறி வந்திருக்கானே, பைத்தியக்காரன்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். இத்தனை நாள் எத்தனை ஜோக் சொல்லியும் பாஸ்கலால் வரவழைக்க முடியாத சிரிப்பு.

"அடுத்த ஞாயித்துக்கெழம உன் தோட்டத்தப் பாக்க வர்றேன்."

"இப்போ அங்க வரப்பு மட்டும்தாங்க்கா இருக்குது."

"வரப்பப் பாக்கறேன். இந்த மொட்டைங்கள இன்னிக்கே கொண்டுபோயி நடு. மருதோன்றி கட்டாயம் துளிர்க்கும்." தன் கொல்லையிலிருந்து கரிசலாங்கண்ணி நாலு வேர் தோண்டி, அதே ஈரச் சாக்கில் சுற்றினாள். "இதையும் வெய்யி. வர்ற வருஷத்துக்குள்ள உங்க வூட்டுச் செடியாயிடும்."

மத்தியான பஸ்ஸில் பாஸ்கல் ஊர் திரும்பினான். ஒரு கையில் எண்ணெய் பாட்டில், மறு கையில் மொட்டைச் செடிகள். கொல்லைக்குப் போனால், வெறும் பாத்தி முழுக்க மண் நனைந்து, நடுவதற்குத் தயாராகக் கிடந்தது.

"செடியே இல்ல, எதுக்கு ஜோசப்பின் தண்ணி ஊத்தின?"

"திருப்பிக் குடுத்து அனுப்புவாங்கன்னு தெரியும். உங்க அக்கா வேர காய்ச்சி நான் பாத்ததே இல்ல."

"அட பாவி! காலையில சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

பாஸ்கல் அவளைப் படியில் உட்கார வைத்து, வலது பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வெடிப்பில் எண்ணெய் பட்டதும் அவள் பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

"எரியுதா?"

"இல்ல. குளுகுளுன்னு இருக்குது. பேசாம பூசுங்க."

பேசாமல் பூசினான். இரண்டு காலும் முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினான். ஜோசப்பின் சாக்கை விரித்து, எண்ணெய்க் காலை நீட்டி உட்கார்ந்து, எது எங்கே என்று கட்டைவிரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மருதோன்றிய இன்னும் ரெண்டு சாண் தள்ளி வெய்ங்க. அது பெருசா வரும், எடம் வேணும்."